உயிரின் தோற்றம்: விஞ்ஞானமும் சைவசித்தாந்தமும்

க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மாணவர், ஆதியில் உயிர் இரசாயன மாற்றங்களினால் தோன்றியது என வகுப்பறையிற் படிக்கின்றனர். மாலையில் கோயிலுக்கு வந்தால், எல்லாம் இறைவன் செயல் எனச் சொற்பொழிவிற் கேட்கின்றனர். இவற்றுள் எது உண்மை? கல்முனையிலே பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் செல்லும் மாணவர் மனதிலும் எழக்கூடிய வினாவே இது. "அப்படிக் கேட்கக் கூடாது" என அதட்டினால், பிள்ளை கோயிலை விட்டு விலகும். அல்லது பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் மனனம் செய்யும். இரண்டும் நட்டமே.

அருகிலுள்ள காரைதீவில் 1892இல் அவதரித்த சுவாமி விபுலாநந்தர், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானவர். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர். 1924இல் துறவு பூண்ட அவர், கற்ற விஞ்ஞானத்தைத் துறந்தாரல்லர்.

உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தோருள் இலங்கையரும் ஒருவர் உளர். காலியிற் பிறந்த சிறில் பொன்னம்பெரும (1923–1994), சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று, பின்னர் இரசாயனவியலாளரானார். 1953இல் ஸ்ரான்லி மில்லர் என்பார் மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றினூடே மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றிருந்தார். 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் இருந்ததைப் பொன்னம்பெரும குழுவினர் 1970இல் வெளிப்படுத்தினர். ஆயினும் செங்கல் வீடாகாதது போல, அமினோ அமிலம் உயிராகாது. சடப்பொருள்களை மட்டும் கொண்டு உயிருள்ள கலமொன்றை இதுவரை எவரும் ஆக்கிக் காட்டவில்லை.

"அந்த இடைவெளியிலேதான் கடவுள் இருக்கிறார்" என்பர் சிலர். இது பலவீனமான வாதம். நாளை அந்த இடைவெளியும் அடைபட்டால் கடவுளை எங்கே வைப்பது? பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதென 1980இல் அறிவிக்கப்பட்டது. கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசித் திருக்குளிர்த்தி நின்றுவிட்டதா? இல்லை. நோயின் காரணம் தெரியாமையால் மட்டும் அடியார் அம்மனிடம் வந்தவரல்லர் என்பதற்கு இதுவே சான்று.

சைவசித்தாந்தத்துக்கு அந்த இடைவெளி தேவையுமில்லை. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்பது அதன் கொள்கை. பசுவாகிய உயிர் ஒருநாள் படைக்கப்பட்டதன்று. மாயையிலிருந்து அதற்கு உடம்பை அளிப்பதே இறைவன் செய்யும் படைப்பு. தமிழில் 'உயிர்' என்ற ஒரே சொல் இரண்டைக் குறிப்பதனாலேயே மயக்கம் வருகின்றது. உண்டு வளர்ந்து இனம்பெருக்கும் உடம்பின் இயக்கத்தை விஞ்ஞானி உயிர் என்கிறார். அறியும் பொருளைச் சித்தாந்தி உயிர் என்கிறார். முன்னதன் தோற்றத்தை ஆராய்வது பின்னதை மறுப்பதாகாது.

குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். மண்ணையும் சக்கரத்தையும் நுணுகி ஆராய்வது குயவனுக்கு இழுக்கன்று. "மண் தானே குடமாகாதோ?" என்று மாணவர் கேட்கலாம். அறிவற்ற மாயை அறிவுடைய ஒருவனின்றித் தொழிற்படாது என்பது சித்தாந்தத்தின் விடை. இவ்விடையைச் சோதனைக்குழாயில் நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. தர்க்கத்தாலும் அநுபவத்தாலும் ஆராய்ந்து கொள்ளவேண்டிய விடை அது. இதனை ஒளிக்காது பிள்ளைகளுக்குச் சொல்லுவதே நேர்மை.

வினாவுடன் வரும் பிள்ளையைக் கோயில் வாசலில் தடுத்தல் ஆகாது. வினவி அறிந்து கொண்ட பக்தியே நிலைபெறும். அதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக.