ஏவுகணையும் மனச்சாட்சியும்

கல்முனைக்குடியில் அப்துல் கலாமின் பெயரை அறியாத மாணவனைக் காண்பது அரிது. பாக்கு நீரிணைக்கு அப்பால், இராமேஸ்வரத்திற் பிறந்த தமிழ் முஸ்லிம் ஒருவர் விண்ணை எட்டினார் என்பதில் எமக்கு உறவு கொண்டாடும் பெருமிதம் உண்டு. 1980 ஜூலை 18இல், அவரைத் திட்டப் பணிப்பாளராகக் கொண்ட எஸ்.எல்.வி.-3 என்னும் றொக்கட், 35 கிலோ எடையுள்ள ரோகிணிச் செய்மதியைச் சுற்றுப்பாதையிற் சேர்த்த வரலாற்றை வகுப்பிற் சொல்லி முடித்தோம். ஒரு மாணவன் எழுந்தான்.

"அணுகுண்டு கொண்டுபோற அக்னியும் இதே றொக்கட்தானா, சேர்?"

"ஓம், ஆனால்..." என்று தொடங்கிய நாம், அந்த 'ஆனாலு'க்குப் பின் வரவேண்டிய சொல்லைத் தேடி நின்றோம்.

பையன் கேட்டதில் பிழையில்லை. 1989 மே 22இல் பரீட்சிக்கப்பட்ட அக்னியின் முதற்கட்டம், எஸ்.எல்.வி.-3இன் முதற்கட்டத் திண்ம எரிபொருட் பொறியே. அத்திட்டத்துக்கும் தலைமை தாங்கியவர் கலாமே.

இதற்கு நேர்மாறான பயணமும் உண்டு. பத்து அணுகுண்டுகளைச் சுமக்கவல்ல 'பீஸ்கீப்பர்' ஏவுகணையை ஐக்கிய அமெரிக்கா 1986 முதல் 2005 வரை போருக்கு ஆயத்தமாக நிறுத்தியிருந்தது. 'சமாதானக் காவலன்' என்று பெயர்! அதன் மூன்று கட்டங்களின் மேல் வேறிரு திண்ம எரிபொருட் கட்டங்களை ஏற்றி 'மினோற்றோர் 5' ஆக்கினர். தாழ்ந்த சுற்றுப்பாதையைக் கடந்து சிறு விண்கலங்களை அனுப்புவதற்கு அது உதவியது. 2013 செப்டெம்பரில், வேர்ஜீனியாவின் வாலொப்ஸ் தீவிலிருந்து அது கொண்டுசென்ற 'லாடீ', சந்திரனின் மெல்லிய வளியையும் தூசியையும் ஆராய்ந்து, 2014 ஏப்ரலில் அந்நிலத்திலேயே மோதி மடிந்தது.

இரு பயணங்களுக்கும் மருந்து ஒரே இனத்தது. அலுமினியத் தூளையும் அமோனியம் பெர்குளோரேற்றையும் இறப்பர் போன்ற பசையில் மாவாய்க் குழைத்து, கூட்டுக்குள் வார்த்து இறுகவிடுகிறார்கள். பிறகு அது ஆண்டுக்கணக்கில் ஆயத்தமாய்க் கிடக்கும். புறப்படும் வேளையில் எரிபொருள் நிரப்ப வேண்டியதில்லை. படைத்தளபதிகள் அதனை விரும்புவது இதனாலேயே. திரவ எரிபொருட் பொறியை நடுவழியில் நிறுத்தலாம். இதனை மூட்டிய பின் அணைக்க வழியில்லை.

'கருவி குற்றமற்றது, கையாள்பவனே பொறுப்பாளி' என்பது வழக்கமான சமாதானம். நாமும் அதனை மாணவர்க்குக் கட்டுரைப் பாடத்தில் எழுதுவித்தவர்களே. கல்லுடைக்கும் வெடிமருந்து கடலில் எறியப்பட்டால் என்னவாகும் என்பதை எம் கிழக்குக் கரையார் அறிவர்: பெருமீனோடு குஞ்சும் சாகும், நாளைய வலை வெறுமையாய் வரும். அங்கே எறிந்த கையைப் பிடித்துவிடலாம். பீஸ்கீப்பரில் எந்தக் கையைப் பிடிப்பது? அது எந்த யுத்தத்திலும் ஏவப்படவில்லை. நின்ற நிலையிலேயே நகரங்களை அச்சுறுத்தியது. அதனை ஆக்க ஆணையிட்ட அன்றே பொறுப்பு பிறந்துவிட்டதன்றோ? அணைக்க முடியாத நெருப்பை மூட்டியபின் 'கையாள்பவன்' என்று எவரும் எஞ்சுவதில்லை.

கொல்வதற்கு வார்த்ததைச் சந்திரனுக்கு அனுப்பியது வீணடிப்பதிலும் மேல், அதை மறுக்கோம். ஆனால் அதனைப் பரிகாரம் என்று ஏற்பதற்கில்லை. யுத்தமே விஞ்ஞானத்தின் தாய் என்று இதனைக் காட்டி வாதிப்போர், மக்களின் வரிப்பணம் முதலிலேயே ஆய்வுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தால் அதே மருந்து சந்திரனை எட்டியிராதா என்பதற்கு விடை கூறட்டும்.

கலாமைக் குறைத்துப் பேசுவது எம் நோக்கமன்று. தாம் கற்றதை நாட்டின் பாதுகாப்புக்கு ஈந்ததாகவே அவர் கருதினார். வறிய நாடொன்று வல்லரசுகளின் மிரட்டலுக்கு முன் வெறுங்கையுடன் நிற்க வேண்டுமா என்ற கேள்வியும் எளிதானதன்று. ஆயினும் குண்டோசையை அறிந்த இக்கரையிலிருந்து பாடம் நடத்தும் நாம், 1980உடன் கதையை நிறுத்தியது நேர்மையாகாது. மறுநாள் கரும்பலகையில் 1980 என்பதன் அருகே 1989 என்றும் எழுதினோம். கை உயர்த்தியவன் அந்த மாணவன் மட்டுமல்லன்.