வெயிலுக்குப் பட்ட கடன்

உழைத்துப் பெறாத, கேட்டுப் பெறாத, விலை கொடுத்தும் பெறாத ஒரு நன்மையை நாள்தோறும் துய்த்து வருபவருக்கு, அந்த நன்மையின் பொருட்டுக் கடமை ஏதேனும் உண்டா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். கொடுப்பவர் மனிதராக இருந்தால் விடை எளிது. செய்ந்நன்றி மறவாமை என்னும் பண்பு வழிகாட்டிவிடும். கொடுப்பது கதிரவனாக இருக்கும்போது அந்த வழி அடைபட்டுப் போகிறது, ஏனெனில் கதிரவனுக்குத் தேவை என்று எதுவும் இல்லை. திருப்பித் தருவதை வாங்கிக்கொள்ளும் கையும் இல்லை. வாங்குவோர் இல்லாத இடத்தில் கடன் எப்படி இருக்க முடியும் என்று கேட்டு வினாவை அங்கேயே முடித்துவிடலாம். வேத மரபோ இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி வைத்திருக்கிறது. தேவர்க்கும் முனிவர்க்கும் முன்னோர்க்கும் பட்டதாக அது பேசும் மூன்று பிறவிக் கடன்களுள், முன்னோர்க்குரியது மக்களைப் பெற்று வளர்ப்பதால் தீர்கிறது. அதாவது ஒருவரிடம் பெற்றதை அவரிடமே திருப்பாமல், அடுத்து வருபவரிடம் செலுத்துவதே அங்கே முறை. வெயிலுக்குப் பட்ட கடனும் இவ்வகையினதே என்பதும், அதைச் செலுத்தும் இடங்களுள் வீட்டு வெந்நீர் குறிப்பிடத்தக்க ஒன்று என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

பெரிய வினாவொன்றுக்கு வெந்நீர் மிகச் சிறிய சான்றாகத் தோன்றலாம். ஆயினும் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஊர்களான மில்டுரா, புரோக்கன் ஹில், டப்போ போன்றவற்றை எடுத்துக்கொண்டால், ஆண்டின் பெரும்பகுதி தெளிந்த வானமும் காயும் வெயிலும் உள்ள அந்நிலப்பரப்பில், குளிக்கவும் துவைக்கவும் வேண்டிய நீரைச் சூடாக்க நிலக்கரி மின்சாரத்தையோ, குழாய் வழியும் சிலிண்டரிலும் வரும் எரிவாயுவையோ நம்பியிருக்கும் வீடுகள் இன்றும் ஏராளம். அந்நாட்டு வீடுகளின் ஆற்றல் செலவில், அறையைச் சூடாக்குதல், குளிர்வித்தல் ஆகியவற்றுக்கு அடுத்த பெரும்பங்கு வெந்நீருக்கே போகிறது. கூரைமேல் கொட்டும் வெப்பத்தை விட்டுவிட்டு, நெடுந்தொலைவில் எதையோ எரித்து அதே வெப்பத்தை வாங்கிவரும் இந்நிலை வெறும் பொறியியல் குறையா, அல்லது அறத்தின் பாற்பட்ட குறையா என்று கேட்பதில் பொருள் உண்டு.

விடை காணுமுன் கருவிகளின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். பழைய மின் ஹீட்டர் என்பது தொட்டிக்குள் அமைந்த கம்பிச்சுருள் ஒன்றில் மின்சாரத்தைச் செலுத்தி, அதை முழுவதும் வெப்பமாக்கும் கருவி. சூரிய வெந்நீர்க் கலனில், கூரைத் தகட்டில் சூடாகும் நீர் அடர்த்தி குறைந்து தானே மேலேறித் தொட்டியை அடைய, தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் தகட்டுக்கு இறங்குகிறது. இச்சுழற்சிக்கு மோட்டாரே வேண்டியதில்லை. பெர்த் நகரில் 1950களிலேயே இவை விற்பனைக்கு வந்துவிட்டன. மூன்றாவதான ஹீட் பம்ப், வெப்பத்தை உண்டாக்குவதில்லை; வெளிக்காற்றில் ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தை ஒரு குளிர்பதன வாயுவின் வழியாக உறிஞ்சி, அமுக்கி, நீருக்குள் இடம் மாற்றுகிறது. 200 லிட்டர் நீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்தக் கம்பிச்சுருளுக்கு 9 யூனிட்டுக்குச் சற்று மேலான மின்சாரம் வேண்டும். ஒன்று கொடுத்தால் மூன்றாகத் திருப்பும் ஹீட் பம்புக்கு ஏறத்தாழ 3 யூனிட் போதும். எஞ்சிய 6 யூனிட் காற்றிலிருந்து வருவதால், கதிரவன் சூடாக்கி வைத்த காற்றே அங்கும் கொடையாளி என்பது விளங்கும்.

முதல் அறக்கேள்வி கருவிக்கும் பயனுக்கும் உள்ள பொருத்தம் பற்றியது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி ஆற்றலின் அளவோடு அதன் தரத்தையும் பேசுகிறது. உயர்ந்த வெப்பநிலையில் உள்ள ஆற்றல் பலவகை வேலைகளைச் செய்ய வல்லது, அது தாழ்ந்த வெப்பநிலைக்கு இறங்கிவிட்டால் அவ்வல்லமை மீளாது அழிகிறது. நிலக்கரி மின்நிலையம் ஆயிரம் டிகிரியைத் தாண்டிய நெருப்பை எரித்து, அதன் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மின்சாரமாக்குகிறது. அம்மின்சாரம் பல நூறு கிலோமீட்டர் கடந்து வந்து, மீண்டும் வெப்பமாகி, 60 டிகிரி நீராக முடிகிறது. பொருளியலாளர் நிக்கோலஸ் ஜார்ஜெஸ்கு-ரோகன் 1971இல் வெளியிட்ட நூலில், பொருளியல் என்பது இவ்விதிக்குக் கட்டுப்பட்ட நடவடிக்கையே என்று விரிவாக வாதிட்டார். மற்றொரு பொருளியலாளரான இ.எஃப். ஷூமாக்கர் 1973இல், புதைபடிவ எரிபொருள் மனிதகுலத்தின் மூலதனமாகிய முதல் என்றும், அதை வருமானமாக எண்ணிச் செலவிடுவது பிழை என்றும் எச்சரித்தார். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், வெயில் செய்துவிடக்கூடிய தாழ்தர வேலைக்கு முதலை அழிப்பவர், இனிப் பிறக்கவிருப்போர் வேறெதற்கோ பயன்படுத்தியிருக்கக்கூடிய ஆற்றலையும் அவர்களைக் கேட்காமலே அழிக்கிறார் என்பது தெரியவரும். மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ் 1979இல் பொறுப்பு என்னும் அறத்தை நெடுந்தொலைவு எதிர்காலத்துக்கு விரித்தபோது மனத்தில் கொண்டிருந்தது இத்தகைய செயல்களையே: தனித்தனியே குற்றமற்றவையாகவும், ஒன்றுசேர்ந்தால் பிறக்காதோரின் வாழ்வைத் தொடுவனவாகவும் இருக்கும் அன்றாடச் செயல்கள்.

இரண்டாவது, நேரம் பற்றியது. ஆஸ்திரேலியாவில் பல பத்தாண்டுகளாக வெந்நீர்த் தொட்டிகள் நள்ளிரவில் சூடாகும்படி அமைக்கப்பட்டிருந்தன. இரவு 10 மணிக்கு மேல் ஊர் உறங்கத் தொடங்கியதும், மின்வாரியம் கம்பி வழியே அனுப்பும் சமிக்ஞையோ மீட்டர் பெட்டியில் உள்ள கடிகாரமோ ஹீட்டரை இயக்கிவிடும். அந்த நேர மின்சாரத்துக்குக் கட்டணமும் குறைவு. நிலக்கரிக் கொதிகலன்களை விரும்பியபடி அணைத்து ஏற்ற இயலாததால், இரவில் மிஞ்சும் மின்சாரத்துக்கு ஒரு போக்கிடம் தேவைப்பட்டது. வெந்நீர்த் தொட்டி அந்தப் போக்கிடம் ஆயிற்று. இன்று 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகளில் சூரிய மின்தகடுகள் அமைந்துவிட்டதால், மிகுதி நடுப்பகலுக்கு இடம் மாறிவிட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2020 முதல் காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு மின்கம்பிக் கட்டணம் குறைக்கப்பட்டது இம்மாற்றத்தை ஏற்றுக்கொண்டதன் அடையாளம். ஹீட் பம்ப் நடுப்பகலில் இயங்கும்போது சூழ்காற்றும் வெப்பமாக இருப்பதால் குறைந்த மின்சாரத்தில் வேலை முடிகிறது. உள்நாட்டுக் குளிர்கால இரவில் அதே கருவியின் சுருள்களில் உறைபனி படிய, அதை உருக்கவே மின்சாரம் வீணாகிறது. மின் கட்டமைப்பின் வசதிக்காக மனிதர் பழகிக்கொண்ட நேரம் ஒன்று, நிலத்தின் இயல்பான நேரம் மற்றொன்று என்று பிரிந்து கிடந்தவை இங்கே மீண்டும் கூடுகின்றன. இயற்கையோடு இயைந்து வாழ்தல் என்று சமயங்கள் பொதுவாகச் சொல்லிவந்தது, இந்த இடத்தில் கடிகாரத்தின் முள்ளை நள்ளிரவிலிருந்து நண்பகலுக்குத் திருப்பிவைக்கும் செயலாக உருக்கொள்கிறது.

மூன்றாவதும் கடினமானதும் உடைமை பற்றிய கேள்வி. மெய்யியலாளர் ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், பொதுவில் கிடப்பதை ஒருவர் தம் உழைப்பால் தமதாக்கிக்கொள்ளலாம், ஆனால் அதே அளவும் தரமும் பிறருக்கு மிஞ்ச வேண்டும் என்று வரையறுத்தார். நிலத்திலும் நீரிலும் அரிதாகவே நிறைவேறும் இந்நிபந்தனை வெயிலில் பெரும்பாலும் தானே நிறைவேறுகிறது, ஏனெனில் ஒரு கூரை எடுத்துக்கொண்டதால் அடுத்த கூரைக்கு வெயில் குறைவதில்லை. எனினும் வெயில் பொதுவாக இருக்க, அதைப் பிடிக்கும் கருவியும் அதைப் பொருத்தும் கூரையும் பொதுவாக இல்லை. வாடகை வீட்டில் கருவியை வாங்க வேண்டியவர் வீட்டுக்காரர், மின் கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர்; எனவே செலவிடுபவருக்குப் பயன் இல்லை, பயன் பெறக்கூடியவருக்குச் செலவிடும் உரிமை இல்லை. அதற்கு மேல், சூரியக் கலனுக்கும் ஹீட் பம்புக்கும் தரப்படும் சான்றிதழ்வழிச் சலுகையின் செலவை மின்சார நிறுவனங்கள் ஏற்று, அதை எல்லா வாடிக்கையாளரின் கட்டணத்திலும் சேர்த்துவிடுகின்றன; ஆகவே சொந்தக் கூரை இல்லாதவரும், கூரை உள்ளவரின் கருவிக்குச் சிறு பங்கு செலுத்துகிறார். திருக்குறளின் 22ஆம் அதிகாரமாகிய ஒப்புரவறிதல், கைம்மாறு கருதாத மழையை முன்னிறுத்தி, உள்ளவர் ஊருக்குப் பயன்படுவதை அருளாகக் கொள்ளாமல் கடப்பாடாகவே கொள்கிறது. அந்த அளவுகோலால் அளந்தால், எல்லோரின் கைக்காசாலும் ஓரளவு தாங்கப்பட்டுத் தம் வீட்டை மாற்றிக்கொண்டவருக்கு, வாடகை வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று கேட்கும் பொறுப்பும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

வெந்நீர் சுகப்பொருள்தானே, அதற்கு நீதியின் மொழி மிகையல்லவா என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு மத்திய ஆஸ்திரேலியப் பாலைநிலமே விடை தருகிறது. அனங்கு-பிட்ஜன்ட்ஜட்ஜரா மக்களின் நிலப்பகுதியில், அம்மக்களின் சொந்த உடல்நல அமைப்பு பங்கேற்ற ஆய்வொன்று 1987இல் வெளியிட்ட அறிக்கை, நலவாழ்வுக்கு அடிப்படையான ஒன்பது பழக்கங்களை வரிசைப்படுத்தி, அவற்றுள் முதலாவதாக மனிதரை, சிறப்பாகக் குழந்தைகளை, நீராட்டுவதை வைத்தது. கண்நோயும் தோல் தொற்றும் குழந்தைகளைப் பிடித்திருந்த அந்த ஊர்களில், ஷவர் இயங்குகிறதா, வெந்நீர் வருகிறதா, கழிவுநீர் போகிறதா என்று வீடு வீடாகச் சோதித்துப் பழுதை உடனே சரிசெய்யும் முறை அதிலிருந்து பிறந்தது. பின்னர் நாடு முழுவதும் இம்முறையில் சோதித்தபோது, பழுதுகளில் மிகப் பெரும்பங்குக்குக் காரணம் வழக்கமான பராமரிப்பு இல்லாமையும் தொடக்கத்திலேயே சரியாகப் பொருத்தாமையுமே என்றும், குடியிருப்போர் பாழ்படுத்தியவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றும் தெரிந்தது. கண்ணைக் காக்கும் வெந்நீர் சுகப்பொருள் ஆகாது. வெயில் மிகுந்த நிலத்தில் ஒரு குழந்தைக்கு வெந்நீர் இல்லையென்றால் குறை வானத்தில் இல்லை, மனித ஏற்பாட்டில் இருக்கிறது.

எதிர்வாதம் ஒன்று எஞ்சி நிற்கிறது. பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவான்ஸ் 1865இல், நீராவி எந்திரங்கள் சிக்கனமாகும்போது நிலக்கரிச் செலவு குறையாமல் பெருகும் என்று காட்டினார். வெயில் இலவசம் என்ற எண்ணம் நீண்ட குளியலுக்கும் பெரிய தொட்டிக்கும் வழிவிட்டால், மிச்சம் பிடித்தது மீண்டும் கரைந்துவிடும். மரே-டார்லிங் ஆற்றுப் படுகையின் ஊர்களில் வெப்பம் மிகுதியாக இருந்தாலும் நீர் மிகுதி அன்று. 2000களில் நீடித்த வறட்சி அதை அங்குள்ளோர் மறக்க முடியாதபடி கற்பித்தது. ஆகவே திறன் என்பது அளவறிதல் என்னும் பண்பை விலக்கிவிடாது, அதை இன்னும் வேண்டி நிற்கிறது. சிக்கனம் என்ற பெயரில் எல்லை மீறுவதும் பிழையாகும்: தொட்டி நீரை 60 டிகிரிக்குக் குறையாமல் வைப்பது லெஜியோனெல்லா என்னும் நுரையீரல் தொற்றுக் கிருமி பெருகாமல் தடுக்கவும், குளியலறைக்கு வரும் நீரை 50 டிகிரிக்குத் தணிப்பது தோல் வெந்துபோகாமல் காக்கவும் வகுத்த எல்லைகள்.

அளவறிதலோடு முன்னறிதலும் சேர வேண்டும். பழைய ஹீட்டர் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி ஒழுகிச் சாகிறது. வெந்நீரின்றி நிற்கும் குடும்பம் அன்றைக்கே கிடைப்பதை வாங்க, முன்பிருந்த வகையே மீண்டும் வந்து, பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சுவரோரம் நின்றுவிடுகிறது. வெள்ளம் வருமுன் அணை போடுவது என்னும் பழமொழி இங்கே நேராகப் பொருந்தும்: கருவி நலமாக இருக்கும்போதே அடுத்தது எது என்று முடிவெடுத்து, மின் இணைப்பையும் இடத்தையும் ஆயத்தமாக வைப்பவரால்தான் நெருக்கடியில் நல்லதைத் தேர்ந்தெடுக்க இயலும். வாங்கிய பின்னரும் அக்கறை முடிவதில்லை. எஃகுத் தொட்டியின் நடுவே தொங்கும் மக்னீசியக் கம்பி, தான் அரிக்கப்படுவதால் தொட்டியை அரிப்பிலிருந்து காக்கிறது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் அது விரைவாகத் தேய்ந்துபோகும் என்பதால், உரிய காலத்தில் மாற்றாவிட்டால் தொட்டியே ஓட்டையாகிவிடும். பெற்ற கொடையைப் பேணுவதும் நன்றியின் ஒரு வடிவமே.

இதுவரை கூறியவற்றால், கதிரவனுக்குப் பட்ட கடன் கதிரவனிடம் செலுத்தப்படுவதன்று என்பதும், அது மூன்று திசைகளில் செலுத்தப்படுகிறது என்பதும் பெறப்படும். முதலை அழிக்காமல் வருமானத்தில் வாழ்வதால் பிறக்கவிருப்போரிடமும், வசதியைப் பகிர்வதால் உடன்வாழ்வோரிடமும், அளவறிந்து துய்ப்பதால் நீர், நிலம் ஆகியவற்றிடமும் அக்கடன் சேர்கிறது. சொந்தக் கூரையில் ஒரு கருவியை மாற்றிப் பொருத்துவது இவற்றுள் எளிய பகுதி. பணமும் விருப்பமும் இருந்தால் அது ஓரிரு நாளில் முடிந்துவிடும். வாடகைச் சட்டத்தில் தரவிதியாகவும், அரசுக் குடியிருப்புகளின் ஆண்டுச் செலவில் பராமரிப்பு ஒதுக்கீடாகவும் அதே வசதி எல்லா வீடுகளுக்கும் சென்று சேரும்வரை, வெயிலின் பயனைத் தாம் மட்டும் பெற்றவர் கடனைத் தீர்த்துவிட்டதாகக் கொள்ள இடமில்லை.