அடக்கமும் பழியும்

அடக்கம் என்பது வளர்ச்சிக்குத் தடை என்று பலர் எண்ணுகின்றனர். நம் உடலோ வேறு பாடம் புகட்டுகிறது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க வேண்டும். அதன் வாயிலில் ஆர்.பி. என்னும் புரதம் காவல் நிற்கிறது. பிரிவைத் தூண்டும் புரதங்களை அது பற்றிக்கொண்டிருக்கும். உரிய சமிக்ஞை வந்ததும் பிடியைத் தளர்த்தும். பி53 என்னும் மற்றொரு புரதம், டி.என்.ஏ. சிதைந்திருந்தால் பிரிவை நிறுத்தி, பழுது நீங்க அவகாசம் அளிக்கிறது. பழுது நீங்காவிடில் அந்த உயிரணுவையே மடியச் செய்கிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இப்புரதத்தின் மரபணு பழுதுற்றிருக்கிறது. ஆகவே, நிற்க வேண்டிய வேளையில் நிற்பதும் செல்ல வேண்டிய வேளையில் செல்வதுமே அடக்கம்.

ஆனால் இந்த உவமையில் ஓர் ஆபத்தும் உண்டு. 'உடலின் அடக்கம் குலைவதே புற்றுநோய் என்றால், அந்நோய் அடக்கமற்ற வாழ்வுக்குத் தண்டனையோ?' என்று மனம் தாவிவிடுகிறது. அது தவறு என்பதை அறிய, புதுடில்லி எய்ம்ஸ் வளாகத்தில் 1967-ல் நிறுவப்பட்ட டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையத்தை நினைத்தால் போதும். விழித்திரைப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் அங்கே சிகிச்சை பெறுகின்றனர். இந்நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. அந்தப் பிஞ்சுகள் எந்த அடக்கத்தை மீறின?

ஆர்.பி. புரதத்திற்குரிய மரபணு தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு உள்ளது. ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும். இரண்டும் பழுதானால்தான் இந்நோய் தோன்றும் என்று 1971-ல் ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் விளக்கினார். பெரும்பாலான குழந்தைகளில் இவ்விரு பழுதுகளும் பிறவியில் வந்தவை அல்ல. கண்ணின் ஓர் உயிரணுவில் பின்னர் தாமாக நேர்ந்தவை. பெற்றோர் செய்ததும் செய்யத் தவறியதும் அவற்றுக்குக் காரணமல்ல.

அப்படியிருக்க, 'என்ன பாவம் செய்தார்களோ!' என்ற ஒரு சொல், ஏற்கெனவே தளர்ந்த தாயை மேலும் வீழ்த்துகிறது. கர்மம் பற்றிய போதனை, என் செயலுக்கு நான் பொறுப்பேற்பதற்காக. பிறர் துயருக்குக் கணக்கு எழுதுவதற்காக அன்று. அடக்கமுடைமையைப் பாடிய வள்ளுவர், அந்த அதிகாரத்திலேயே நாவைக் காக்கவும் வலியுறுத்தினார். நோயாளியின் அருகே நமக்கு வேண்டிய முதல் அடக்கம் அதுவே.

அடுத்தது சேவை. குழந்தையின் கண்மணியில் வெண்ணிற ஒளி தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். காலத்தே கண்டறிந்தால் உயிரையும், பல வேளைகளில் பார்வையையும் காக்க இயலும். ஒரு காவல் தளர்ந்தபோது மற்றொன்று தாங்குவது உயிரணுவின் இயல்பு. துயருற்ற குடும்பத்திற்கு அந்த இரண்டாம் காவலாய் நிற்பது நம் தர்மம்.