மீட்டமைத்தலும் மெய்ம்மையும்: பழைய கைக்கடிகாரங்கள் எழுப்பும் ஓர் அறவினா

பழைய பொருளொன்றைத் திருத்துபவர் அப்பொருளுக்கு நன்மை செய்கின்றாரா, அன்றி அதன் வரலாற்றை அழிக்கின்றாரா என்னும் வினா புதியதன்று. கட்டடங்கள், ஓவியங்கள், சுவடிகள் முதலியன தொடர்பாக அது நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்துள்ளது. மீட்டமைத்தல் எனப்படுவது அடிமுதல் முடிவரை பொய்யே என 1849 இல் ஜோன் ரஸ்கின் வாதிட்டார். கட்டடங்களை முன்வைத்து எழுந்த அவ்விவாதத்தைக் கையில் அணியும் சிறு கடிகாரமொன்றும் அதே கூர்மையுடன் எழுப்பவல்லது. ‘குறோனோகிராப்’ எனப்படும் பழைய கைக்கடிகாரங்களைச் சேகரித்து மீட்டமைக்கும் துறையில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்தவை இவ்வகையிற் கருதத்தக்கன.

குறோனோகிராப் என்பது நேரத்தைக் காட்டுவதோடு, விசையொன்றை அழுத்துவதன் மூலம் இரு கணங்களுக்கு இடைப்பட்ட கால அளவையும் அளந்து காட்டும் கருவியாகும். ‘காலத்தை எழுதுவது’ என்பதே அக்கிரேக்கப் பெயரின் பொருள். 1821 இல் பாரிஸ் நகரக் குதிரைப் பந்தயத்தில் நிக்கொலா றியூசெக் பயன்படுத்திய கருவி மெய்யாகவே முகப்பில் மையால் குறியிட்டது. பிற்காலத்தில் மை மறைந்தது. முள்ளும் பெயருமே எஞ்சின. 1969 யூலையில் சந்திரனுக்குச் சென்றோர் எடுத்துச் சென்றதும் இவ்வகைக் கடிகாரமே. ஆயின் அதே ஆண்டு நத்தார் தினத்தன்று யப்பானிய நிறுவனமான சைக்கோ முதலாவது குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அதன் பின்னர், சுருள்வில்லாலும் பற்சக்கரங்களாலும் இயங்கிய கடிகாரங்கள் அன்றாடத் தேவையிலிருந்து படிப்படியாக விலகின. தேவை குன்றிய கருவி சேகரிப்போரின் அரும்பொருளாயிற்று.

பழைய கடிகாரத்தைத் தொடாமல் விடுவதே அதனைக் காக்கும் வழி எனச் சிலர் கருதுவர். இயங்கும் பொறியைப் பொறுத்தவரை இக்கருத்துப் பொருந்தாது. உள்ளே இடப்பட்ட எண்ணெய் காலப்போக்கில் உலர்ந்து தடிக்கும். அந்நிலையில் ஓடவிட்டால் அச்சுகளின் நுனிகள் தேயும். ஆகவே கழற்றித் துடைத்து எண்ணெயிடுதலும், தேய்ந்த உறுப்பை மாற்றுதலும் தவிர்க்க முடியாதவை. ஆனால் கூட்டிலுள்ள கீறல்களைப் போக்க மெருகிடும்போது கீறலோடு உலோகமும் போய்விடுகின்றது. கூரிய விளிம்புகள் மழுங்கியபின் இழந்த உலோகம் மீள்வதில்லை. முகப்புக்குப் புதிதாக வர்ணம் தீட்டுபவர் கறையோடு சேர்த்து அதன் கடந்த காலத்தையும் துடைத்துவிடுகின்றார். திரும்பப் பெறக்கூடிய மாற்றத்துக்கும் திரும்பப் பெறவியலாத மாற்றத்துக்கும் உள்ள இவ்வேறுபாடு அறநோக்கில் முதலாவதாகக் கொள்ளத்தக்கது.

எனினும் இவ்வேறுபாடு மட்டும் வினாவைத் தீர்த்துவிடாது. ஏனெனில் மதிப்பீடுகள் நிலையானவையல்ல. 1960களில் கடிகாரத்தைத் திருத்தக் கொடுத்தவர் அது புதியதுபோலத் திரும்புவதையே விரும்பினார். மங்கிய முகப்பை அகற்றிப் புதியதைப் பொருத்தியவர் நேர்மையான தொழிலாளியாகவே மதிக்கப்பட்டார். இன்றோ வெயிலிலும் காலத்திலும் கருமை நீங்கிப் பழுப்பேறிய முகப்பையே சேகரிப்போர் தேடுகின்றனர். நடிகர் போல் நியூமன் அணிந்த றோலெக்ஸ் டேற்றோனா 2017 ஒக்ரோபரில் நியூயோர்க் ஏலமொன்றில் 1 கோடி 77 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அதனையொத்த முகப்புடைய கடிகாரங்கள் செய்யப்பட்ட காலத்தில் அவற்றை விரும்பியோர் குறைவு. அவ்வாறாயின் மீட்டமைப்பின் சரியும் பிழையும் அவ்வக்காலச் சுவையைப் பொறுத்தவை மட்டுந்தானா? அம்முடிவை ஏற்கவிடாத நிகழ்ச்சியொன்று உண்டு.

2021 நவெம்பரில் ஜெனீவாவில், 1957ஆம் ஆண்டு வகை ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் என ஏலமிடப்பட்ட கடிகாரமொன்று 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விற்பனையாயிற்று. அதன் பழுப்பேறிய முகப்புப் பெரிதும் போற்றப்பட்டது. 2023 யூனில், அது வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்து உருவாக்கப்பட்டது என ஒமேகா நிறுவனமே அறிவித்தது. அதனை வாங்கியதும் அந்நிறுவனத்தின் அருங்காட்சியகமே. இத்தகைய கலவைக் கடிகாரத்தில் உறுப்பு ஒவ்வொன்றும் பழையதாக, மெய்யானதாக இருத்தல் கூடும். அவ்வாறிருந்தும் ஏமாற்றம் நிகழ்ந்ததாகவே எவரும் கொள்வர். அவ்வேமாற்றம் எங்கே உள்ளது?

புளூட்டாக் குறிப்பிடும் தீசியஸின் கப்பல் இவ்விடத்து உதவும். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பின்னரும் அது அதே கப்பல்தானா எனத் தத்துவவாதிகள் வினவினர். கழித்த பலகைகளைச் சேர்த்துவைத்து ஒருவர் அதே ஒழுங்கில் இன்னொரு கப்பலைக் கட்டினால் யாதாகும் என 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் கேட்டார். முறையாகத் திருத்தப்பட்டு வந்த கடிகாரம் முதலாவது கப்பலை ஒத்தது. அதன் பொருள் மாறினும் தொடர்ச்சி அறுவதில்லை. கலவைக் கடிகாரமோ இரண்டாவது கப்பலைக்கூட ஒத்ததன்று. பல கப்பல்களின் பலகைகளால் ஆன, ஒருநாளும் கடலில் ஓடாத கப்பல் அது. பலகைகள் பழையன, கப்பல் நேற்றையது. உறுப்புகள் மெய்யாயிருந்தும் முழுமை பொய்யாகலாம் என்பதும், உறுப்புகள் சில புதியனவாயினும் முழுமை மெய்யாகலாம் என்பதும் இதனாற் பெறப்படும்.

எனவே மெய்ம்மை உலோகத்தில் மட்டும் தங்கியிருப்பதன்று. பழம்பொருளொன்றைப் பிறர் கையில் ஒப்படைப்பவர், வாய் திறவாதிருப்பினும், ‘இது இவ்வாறே வாழ்ந்து வந்தது’ என்று ஒரு கூற்றையும் ஒப்படைக்கின்றார். அக்கூற்றுப் பொய்யாகும் இடத்திலேயே குற்றம் பிறக்கின்றது. கட்டடப் பாதுகாப்புக்கென 1964 இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்குமிடத்தில் மீட்டமைப்பு நிற்றல் வேண்டும் என்றும், புதிதாகச் சேர்ப்பவை முழுமையோடு இசைந்தும் மூலத்தினின்று வேறெனத் தெரிந்தும் அமைதல் வேண்டும் என்றும் விதித்தது.

இவ்விதியைக் கடிகாரத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். முன்னாளில் முட்கள் இருளில் ஒளிர்வதற்காக றேடியம் கலந்த பூச்சு இடப்பட்டது. தூரிகை நுனியை உதட்டாற் கூராக்கி அதனைத் தீட்டிய அமெரிக்கப் பெண் தொழிலாளர் பலர் 1920களில் நோயுற்று மாண்டனர். றேடியத்தின் அரையாயுள் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். ஆதலால் பூச்சின் ஒளி அணைந்த பின்னரும் கதிர்வீச்சு ஓயாது. உதிரும் அப்பூச்சை உரிய பாதுகாப்புடன் அகற்றித் தீங்கற்ற ஒன்றை இடுவது தவறாகாது. புதிய பூச்சுக்குப் பழுப்பு நிறம் ஊட்டுவதும் இசைவின் பொருட்டாயின் ஏற்கத்தக்கதே. அதனைக் கூறாது விற்பதே வஞ்சனையாகும். கைவினை இரண்டிடத்தும் ஒன்றே. மௌனமே அதனைக் குற்றமாக்குகின்றது.

இதற்கோர் எதிர்வாதம் உண்டு. உண்மையைக் கூறுபவரின் பொருள் விலை குறைகின்றது. மறைப்பவர் இலாபம் அடைகின்றார். ஆதலின் குற்றம் தனிமனிதருடையதன்று, சந்தையினுடையது என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. தழும்புக்கு விலை வைக்கும் சந்தையில் தழும்பும் உற்பத்திப் பொருளாகிவிடுகின்றது. ஆயினும் சந்தையின் போக்கு மனிதரின் தெரிவை முற்றாக நிர்ணயிப்பதில்லை. 1975 இல் செனித் நிறுவனத்தின் அமெரிக்க உரிமையாளர், பொறிமுறைக் கடிகார உற்பத்தியை நிறுத்திக் கருவிகளையும் கைவிடுமாறு பணித்தனர். சுவிற்சர்லாந்தின் லெ லொக்கிள் நகரில் அந்நிறுவனத்திற் பணியாற்றிய சார்ள்ஸ் வெர்மோ, 1969 இல் வெளிவந்த எல் பிறிமேறோ குறோனோகிராப்பைச் செய்வதற்கு வேண்டிய கருவிகளைத் தொழிற்சாலையின் மேன்மாடத்தில் ஒளித்துவைத்தார், செய்முறைகளையும் குறித்துவைத்தார். 1980களில் உற்பத்தி மீண்டும் தொடங்கியபோது அவை கைகொடுத்தன. அவர் காத்தது ஒரு பொருளின் விலையை அன்று. அதனை ஆக்கும் அறிவையும் அவ்வறிவின் பதிவையுமே. சந்தை வேண்டாமென ஒதுக்கிய வேளையில் அது செய்யப்பட்டது.

கடிகாரம் திருத்துவோரிடையே பழைய வழக்கமொன்றும் உண்டு. வேலை முடிந்ததும் தம் அடையாளத்தையும் திகதியையும் பின்மூடியின் உட்புறத்தில் நுண்ணியதாகக் கீறிவைப்பர். அணிபவர் அதனைக் காண்பதில்லை. பல ஆண்டுகளின் பின் மூடியைத் திறக்கும் வேறொரு தொழிலாளியே காண்பார். இக்கடிகாரம் எப்போது, யார் கையில் இருந்தது என அறிந்துகொள்வார். விலையை உயர்த்தும் நோக்கமின்றி, அறிமுகமில்லாத ஒருவருக்கு உண்மை கூறும் கடமையை அச்சிறு கீறல் நிறைவேற்றுகின்றது. மாற்றப்பட்ட உறுப்பு யாது, எஞ்சிய உறுப்பு யாது என்பதையும் அவ்வாறே எழுதிவைப்பவர் பழமைக்கும் துரோகம் செய்வதில்லை. வருங்காலத்துக்கும் துரோகம் செய்வதில்லை. காலத்தை எழுதும் கருவி என்னும் பெயர் அத்தகையோர் கையிலேயே பொருள் பெறுகின்றது.