தானமும் தன்மானமும்

தானம் என்ற சொல்லைக் கேட்டால் எல்லோருக்கும் மனம் இளகுகிறது. எனக்கோ மனம் இளகுவதோடு ஒரு சந்தேகமும் எழுகிறது. கதை எழுதுகிறவனுக்கு இது தொழில் வியாதி. கொடுப்பவனைப் பார்த்தவுடன், வாங்குகிறவனின் முகம் எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

மனிதனுக்கு மனிதன் கொடுப்பதைப் பற்றி நம் முன்னோர்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு தேசம் இன்னொரு தேசத்துக்குக் கொடுக்கும்போது, அதிலும் மருந்தும் வைத்தியமுமாகக் கொடுக்கும்போது, எது தர்மம்?

மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா என்று ஒரு சிறு நாடு. 1989க்கும் 2003க்கும் இடையில் இரண்டு உள்நாட்டுப் போர்களைக் கண்ட நாடு. போர் ஓய்ந்த பிறகு அந்நிய உதவி வராமல் இல்லை. ஆனாலும் 2014ல் எபோலா என்னும் கொள்ளை நோய் அங்கே நுழைந்தபோது, நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு இருந்த டாக்டர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர். நோயாளியின் இரத்தமோ வாந்தியோ பட்டாலே தொற்றிக்கொள்ளும் நோய் அது. கையுறைகூடப் போதுமான அளவு இல்லாத ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகள் நின்றார்கள். கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய மூன்று நாடுகளிலும் 11,000க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் வைத்தியம் செய்யப் போய் மாண்டவர்கள் மட்டும் 500க்கு மேல்.

உலகம் கண் விழித்தது. 2014 செப்டம்பரில் அமெரிக்கா தன் ராணுவத்தையே அனுப்புவதாக அறிவித்தது. லைபீரியாவில் 11 சிகிச்சை நிலையங்கள் எழும்பின. அவை எழும்பி முடிவதற்குள் நோய் தணியத் தொடங்கிவிட்டது. பதினொன்றிலும் சேர்த்துச் சிகிச்சை பெற்ற எபோலா நோயாளிகள் 28 பேர். ஒன்பது நிலையங்களில் ஒருவர்கூட இல்லை. நோய் தணிந்ததற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமானது, கிராமத்து மக்கள் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. இறந்தவரைக் குளிப்பாட்டி, தொட்டு அழுது வழியனுப்புகிற ஜனங்கள், தொடாமல் அடக்கம் செய்யச் சம்மதித்தார்கள். யார் வீட்டில் காய்ச்சல் என்று வீடு வீடாகப் போய் விசாரித்தவர்களும் அந்த மண்ணின் மக்களே. அதே ஆண்டு அக்டோபரில், உயிரைப் பணயம் வைத்து உழைத்த உள்ளூர் ஊழியர்கள் அபாயப் படி கேட்டு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். "என்ன ஸார் இது! வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுவதைப் பற்றியா பேசுவது?" என்றார்.

நியாயமான கேள்விதான். எரியும்போது தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஊற்ற வந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எரியாத நாட்களில் ஏன் யாரும் கிணறு வெட்டவில்லை? கட்டடம் கட்டினால் பெயர் பொறிக்கலாம், படம் பிடிக்கலாம். ஒரு நர்ஸுக்கு மாதா மாதம் ஒழுங்காகச் சம்பளம் போய்ச் சேருவதைத் திறப்பு விழா நடத்திக் கொண்டாட முடியுமா? கொடுப்பவனுக்குத் தன் கொடை கண்ணில் தெரிய வேண்டும் என்கிற ஆசை இருக்கிறதே, அங்கேதான் தானம் கெடுகிறது.

நண்பர் விடவில்லை. "அந்த ஊர் அரசாங்கத்திடம் கொடுத்தால் சுருட்டிவிடுவார்களே?" என்றார்.

சுருட்டுகிறவர்கள் உண்டு. வாங்குகிறவனுக்கும் ஒரு தர்மம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. 2001ல் அபுஜா நகரில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், வரவு செலவுத் திட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று வாக்களித்தார்கள். அதைக் காப்பாற்றியவர்கள் மிகச் சிலரே. அது அவர்கள் குற்றம். ஆனால் திருடுவான் என்று பயந்து, ஒருவனுக்குக் கணக்கு எழுதவே கற்றுக்கொடுக்காமல் இருந்தால், அவன் என்றைக்கு யோக்கியனாவது?

வேறு வழி இல்லாமல் இல்லை. 2016ல் லைபீரிய அரசாங்கமே ஒரு திட்டம் வகுத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிராமங்களில், அந்தந்த ஊர்க்காரர்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளமும் கொடுத்தது. குழந்தைகளுக்கு வரும் மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு அவர்கள் மருந்து கொடுக்கிறார்கள். மேற்பார்வைக்கு ஒரு நர்ஸ். பணத்தில் பெரும் பங்கு வெளியிலிருந்து வந்தது; திட்டமும் ஆட்களும் உள்ளூர். கொடுப்பவன் பின்னால் நிற்கிறான். நோயாளியின் முன்னால் நிற்பது அவனுடைய ஊர்க்காரன்.

ஆனால் இங்கேயும் ஒரு முள் இருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் அந்நிய உதவியைத் திடீரென்று நிறுத்தி வைத்தது. ஜூலை முதல் தேதி அந்த உதவிக்கென்றே இருந்த ஸ்தாபனத்தையும் மூடிவிட்டது. அந்த அடியைத் தாங்க நேர்ந்த நாடுகளில் லைபீரியாவும் ஒன்று. 'அவன் பணம், அவன் நிறுத்துகிறான். கேட்க நாம் யார்?' என்று சொல்லலாம். சட்டப்படி அது சரி. தர்மப்படி எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவனை உன் தோளில் சாய்ந்து நடக்கப் பழக்கிவிட்ட பிறகு, சொல்லாமல் தோளை இழுத்துக்கொண்டால் அவன் விழுவான். நேற்றுவரை தானமாக இருந்தது இன்று கடமையாகிவிட்டது என்பதைக் கொடுப்பவன் உணர வேண்டும்.

அதற்காக என்றென்றைக்கும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. விலகும் நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும். வாங்குகிறவன் ஆண்டுக்கு ஆண்டு தன் பங்கைக் கூட்டிக்கொண்டே வரட்டும். இருவரும் ஒரே கணக்குப் புத்தகத்தைப் பார்க்கட்டும்.

திருக்குறளில் 'ஈகை' என்ற அதிகாரத்துக்கு முன்பாக 'ஒப்புரவறிதல்' என்ற அதிகாரம் இருக்கிறது. ஈகை இல்லாதவனுக்குக் கொடுப்பது. ஒப்புரவோ உலகத்தோடு சேர்ந்து வாழ்கிறவன் தன் கடமை எது என்று அறிந்து செய்வது. அந்த வரிசையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒப்புரவு தெரியாதவன் கையிலிருந்து எவ்வளவு பொன் வந்தாலும், வாங்குகிறவன் தலை குனிந்தேதான் வாங்க வேண்டியிருக்கும். நோயாளி மருந்துக்காகக் கை நீட்டும்போதாவது அவன் தலை நிமிர்ந்திருக்கட்டும்.