மை காயும் முன்

ஒரு கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்னிடம் 38 மைப்புட்டிகள் இருக்கின்றன. எல்லாமே 30 மில்லி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். பேனாவுக்குள் இருக்கும் கன்வெர்ட்டர் ஒரு தடவைக்குச் சுமார் 0.8 மில்லி மை குடிக்கும். அப்படியென்றால் ஒரு புட்டியில் 37 முறை நிரப்பலாம். வாரத்துக்கு ஒரு முறை நிரப்பி, ஒரு வாரம்கூட விடாமல் எழுதினாலும் 38 புட்டியும் தீர 27 வருஷம் ஆகும். எனக்கு இப்போது 34 வயது. கடைசிப் புட்டியைக் கவிழ்த்துப் பார்க்கும்போது 61.

அதுவரை மை காத்திருக்காது. தண்ணீர் ஆவியாகி மீதி கெட்டியாகும், சிலவற்றில் பூஞ்சை பிடிக்கும். 46 பேனாக்கள் கதையும் இதுதான். மை நிரப்பிச் சும்மா போட்ட பேனா சில வாரங்களில் உள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். நிரப்பாமல் வைத்தால் அது பேனாவே இல்லை, அழகான ஒரு குச்சி. ஆக, என் அலமாரியில் இருப்பது மை இல்லை. எழுதப்போவதாக நானே நினைத்துக்கொண்ட பக்கங்கள். குறைப்பது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணமென்று நினைக்கிறேன். ஒரு புட்டியைக் கொடுப்பது, இந்த 37 வாரங்களை நான் எழுதப்போவதில்லை என்று ஒத்துக்கொள்வது மாதிரி.

சேர்ப்பதற்கு எங்கள் பக்கம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. கே.ஜி.கண்டிகை திருத்தணிக்குப் பக்கம். மாவட்டத் தலைநகரான திருவள்ளூரில்தான் ரங்கா பேனாக்களைக் கையால் கடைகிறார்கள். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய ரப்பர். அந்தக் கட்டையைக் கடைசல் மிஷினில் கொடுத்து உடலும் மூடியும் செய்கிறார்கள். புதிதாகத் திறந்தால் லேசாகக் கந்தக வாசனை வரும். வெயிலில் கிடந்தால் கறுப்பு மெல்லப் பழுப்பாக வெளுக்கும். சென்னைப் பாரிமுனைக்குப் போனால் கேமா பேனா. எல்லை தாண்டி வடக்கே போனால் ராஜமுந்திரி ரத்னம் பேனா, காந்தி 1935-இல் பாராட்டிக் கடிதம் எழுதிய சுதேசிப் பேனா. இவற்றை வாங்குவது வெறும் ஆசை மட்டுமா? ஒரு கைத்தொழிலுக்குத் துணை நிற்பதும்தானே?

இந்தக் கேள்வியை லேசில் தள்ளிவிட முடியாது. எல்லோரும் ஒன்று போதும் என்று முடிவெடுத்தால் கடைசல் பட்டறை என்ன ஆகும்? குறைத்து வாழ்வதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் செய்தவரின் பக்கத்திலிருந்து யோசிப்பதில்லை. ஆனால் என் பெட்டியில் தூங்கும் பேனா அவருக்கு ஒரு முறைதான் கூலி கொடுத்தது. எழுதும் பேனா அப்படி இல்லை. நிப்பு மாற்றப் பட்டறைக்குப் போகும். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் "இது என்ன பேனாங்க, எங்க கிடைக்கும்?" என்று கேட்பார். 46 பேனாவை ஒருவனே பூட்டி வைத்திருப்பதைவிட 40 பேர் கையில் ஒவ்வொன்று இருப்பதுதான் அந்தத் தொழிலுக்கு நல்லது. துணை நிற்கிறேன் என்ற காரணம், யோசித்துப் பார்த்தால், கொடுக்கத்தான் சொல்கிறது.

அப்படியானால் பற்றே கூடாதா? இங்கே ஒரு துண்டுப் பென்சில் குறுக்கே வருகிறது. காகா காலேல்கர் சொன்ன நிகழ்ச்சி. காந்தி ஒரு சின்னப் பென்சிலைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். காலேல்கர் தன் பென்சிலைக் கொடுத்தும் வாங்கிக்கொள்ளவில்லை. அது சென்னையில் ஜி.ஏ.நடேசனின் சின்னப் பையன் ஆசையோடு கொடுத்தது, அதைத் தொலைக்க முடியாது என்றார். இருவரும் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அமைதியானார். உடைமையே வேண்டாம் என்று வாழ்ந்த மனுஷன் ஒரு துண்டுப் பென்சிலை விடவில்லை. அதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் பிடித்துக்கொண்டிருந்தது பென்சிலை இல்லை, ஒரு குழந்தைக்குத் தான் பட்ட கடனை. ஒரு பொருள் யாரையாவது எனக்கு ஞாபகப்படுத்தினால் அதற்கு இடம் உண்டு. என்னையே எனக்கு ஞாபகப்படுத்தும் பொருள்தான் கூட்டம் சேர்க்கிறது.

என் அப்பா பத்திரம் எழுதுபவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பெஞ்சு போட்டு முப்பது வருஷம் எழுதினார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஹீரோ பேனா. யாருக்கும் இரவல் தரமாட்டார். "நிப்பு என் கைக்குப் பழகிடுச்சுடா, வேற கை பட்டா முறுக்கிக்கும்" என்பார். எத்தனையோ பேருடைய நிலமும் வீடும் அந்த ஒரு நிப்பு வழியாகக் கை மாறியிருக்கின்றன. 46 பேனாக்களில் ஒன்றுகூட என் கைக்கு அப்படிப் பழகவில்லை. பழகுவதற்கு நாள் வேண்டும். நாளை 46-ஆகப் பிரித்தால் எதற்கும் போதாது.

சரி, எதைக் கொடுப்பது? ஒதுக்க உட்கார்ந்தால் கை தானாகப் போவது மை கசியும் பேனாவுக்கு, காகிதத்தைக் கீறும் நிப்புக்கு, ஒருநாளும் பிடிக்காத வெளிர் மஞ்சள் மைக்கு. இதைக் கொடை என்று சொல்லலாமா? திருத்தணியில் 1888-இல் பிறந்த ராதாகிருஷ்ணன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உரை எழுதி 1953-இல் வெளியிட்ட உபநிடதங்களில் கடோபநிடதமும் ஒன்று. அது இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. நசிகேதன் என்ற சிறுவனின் அப்பா வேள்வி செய்து எல்லாவற்றையும் தானம் கொடுக்கிறார். ஆனால் ஓட்டிவிடும் பசுக்கள் கடைசித் தண்ணீர் குடித்தவை, கடைசியாகப் பால் கறந்தவை. பையன் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, என்னை யாருக்குக் கொடுப்பீர்கள்?" என்று கேட்கிறான், ஒரு முறை இல்லை, மூன்று முறை. அப்பாவுக்குக் கோபம் வருகிறது. எமனுக்கு என்கிறார். பிறகு வருவது மரணத்தைப் பற்றிய பெரிய உரையாடல். ஆனால் அதற்கு வாசலைத் திறந்தது, வேண்டாததைக் கொடுத்துவிட்டுப் பெயர் வாங்குவது சரியா என்ற சின்னக் கேள்வி.

ஆகவே மூன்று விதி வைத்துக்கொண்டேன். கசிவதையும் கீறுவதையும் பட்டறையில் சரிசெய்யாமல் யாருக்கும் தருவதில்லை. அலமாரியில் வைக்கிறவருக்கு இல்லை, எழுதுகிறவருக்குத்தான் தருவது. மூன்றாவதுதான் கஷ்டம்: ஒவ்வொரு ஐந்து பேனாவுக்கும், கொடுத்தால் எனக்கு வலிக்கும் ஒன்றாவது போக வேண்டும்.

மூன்றாவது விதிப்படி போனது கறுப்பும் பழுப்பும் கலந்த ஒரு எபோனைட் பேனா. ஊரில் நர்ஸிங் படிக்கும் ஒரு பெண்ணுக்கு. தெலுங்கில் கவிதை எழுதும் பெண் அவள். வாங்கும்போது, "அண்ணா, திரும்பக் கேட்க மாட்டீங்கல்ல?" என்றாள். மாட்டேன் என்றேன். அந்த இடம் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. வலிப்பதால்தான் அது கொடுத்தது ஆகிறது. மற்றவை வெறும் இடம் மாறியவை.

இப்போது மீதி ஆறு பேனா, ஐந்து புட்டி மை. கணக்குப்படி மூன்றரை வருஷம். இதோடு தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் மலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்குபவர்கள் எல்லோருக்கும் தெரியும், முடி மறுபடி வளரும். அதனால் மொட்டை பொய்யாகிவிடாது. வளரும் என்று தெரிந்தே தலையைக் குனிகிறார்கள். பேனாவும் வளரும். புது நிறம் ஒன்று வரும், கை துறுதுறுக்கும். அப்போது கேட்க வேண்டியது, வாங்கலாமா என்பது இல்லை. இருக்கும் ஆறில் எது என் கைக்குப் பழகிவிட்டது என்பது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரே வழி, உட்கார்ந்து எழுதுவது.