அருவுருவமும் எழுத்தும்

தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தில்லியின் கரோல் பாகில், ஒருவர் கைவிட்ட கைபேசியைப் பழுதுபார்த்து இன்னொருவருக்கு விற்கும் வியாபாரம் கஃபார் மார்க்கெட்டில் நாள்தோறும் நடக்கிறது. வேகம் குன்றிய அத்தகைய கருவி ஒன்றை வாங்கிச் செல்லும் பார்வையற்ற மாணவர், வலைத்தளத்து எடிட்டரில் தம் கட்டுரையைத் தாமே எழுத இயலுமா என்ற கேள்வி, வெறும் தொழில்நுட்ப விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. எழுத்தின் ஜீவன் கண்ணுக்குப் புலனாகும் உருவத்தில் இருக்கிறதா, அதற்கு அப்பால் இருக்கிறதா என்னும் தத்துவ விசாரமாகவே தோன்றுகிறது.

தமிழருக்கு இதில் அனுபவம் உண்டு. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கண்ணுக்கு அம்மாதான். உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் கோவை. திரையில் உள்ளதைக் குரலாய்ப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அதிலிருந்து தாயை அழைக்க வழியே இல்லை. யூனிகோடு வந்த பிறகே அச்சொல் செவிக்கும் சொல்லாயிற்று. தலைப்பும் அவ்வாறே: எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் மட்டும் போதாது, அது தலைப்பு என்பது உள்ளேயும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இறைவனின் நிலைகளை அருவம், உருவம், அருவுருவம் என வகுத்த சைவ சித்தாந்தம், முகமும் கரங்களும் இல்லாத, ஆயினும் வழிபாட்டுக்கு ஆதாரமாய் நிற்கும் சிவலிங்கத்தை அருவுருவம் என்றது. 2004-இல் ஜான் குரூபர், ஆரன் சுவார்ட்ஸின் துணையோடு வெளியிட்ட மார்க்டவுன் என்னும் எழுத்துக் குறியீட்டு முறையை அந்நெறியில் வைத்து எண்ணுவது அபசாரமாகாது என்று நம்புகிறேன். வரியின் முன்னே ஒரு ஹேஷ் குறி இட்டால் தலைப்பு. சொல்லின் இருபுறமும் இரட்டை நட்சத்திரம் இட்டால் அழுத்தம். அலங்காரம் பின்னர் வரலாம், வராமலும் போகலாம். பொருள் அதற்காகக் காத்திருப்பதில்லை.

இத்தனை எளிய குறியீட்டுக்கு எடிட்டர் அமைப்போர் பலர், பிரவுசர் தானே தரும் எழுத்துப்பெட்டியை ஒதுக்கி, கனத்த நிரல்களால் புதிதாய் ஒன்றைச் சமைக்கிறார்கள். பழைய கருவி திணறுகிறது, கர்சர் நிற்கும் இடம் திரைவாசிப்பானுக்குத் தெரியாமல் போகிறது. பெயரிடாமல் படம் மட்டும் தாங்கிய பொத்தான், செவிக்குப் ‘பட்டன்’ என்று மட்டும் ஒலிக்கும். இவற்றினும் கொடியது டாப் விசையை வரியை உள்தள்ளுவதற்கென்று பிடித்து வைத்துக்கொள்வது: விசைப்பலகையை மட்டுமே நம்பியவர் அப்பெட்டிக்குள் புகலாம், வெளியேற இயலாது. எஸ்கேப் விசையை அழுத்தியதும் டாப் தன் இயல்பான வேலைக்குத் திரும்புமாறு சில வரிகள் எழுதி, அவ்வழியைப் பெட்டிக்கு முன்பாகவே அறிவித்துவிட்டால் அந்தச் சிறை திறந்துவிடும். 2008-ஆம் ஆண்டின் வலை அணுகல் நெறிகள் கேட்பதும் இவ்வளவே.